எடை குறைந்த மின் சைக்கிளில் முதலில் மாற்ற வேண்டியது டயரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வார இணைப்பில் எடை குறைந்த மின் சைக்கிள்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். தார்ச்சாலையிலும் சரளைப் பாதையிலும் ஒருங்கே ஓட்டக்கூடிய இவ்வகைச் சைக்கிளைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக எழுதப்படுவது அரிது. ஆயினும், சைக்கிளை மேம்படுத்த விரும்புவோருக்கு அக்கட்டுரை முதன்மையாகச் சொல்லும் யோசனைகள் இரண்டு: கார்பன் உதிரிபாகங்களைப் பொருத்தி எடையைக் குறைப்பது, மோட்டாரின் வேக வரம்பை நீக்குவது. நான்கு ஆண்டுகளாக இத்தகைய சைக்கிளையே ஓட்டிவருபவன், அதன் பெரும்பாலான பாகங்களை என் கையாலேயே கழற்றி மாட்டியவன் என்ற முறையில், முதல் யோசனை வீண் செலவு என்றும் இரண்டாவது ஆபத்தானது என்றும் கருதுகிறேன். அதற்கான காரணங்களை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மின் சைக்கிள் என்றதும் நம் மனத்தில் எழுவது 20 முதல் 25 கிலோ வரை எடையுள்ள, தடித்த ஃபிரேம் கொண்ட வண்டி. ரோடு (தார்ச்சாலை), கிராவல் (சரளைப் பாதை) வகைகளில் வரும் எடை குறைந்த மின் சைக்கிளோ பெரும்பாலும் 11 முதல் 15 கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. மாலே நிறுவனத்தின் எக்ஸ்35 அமைப்பை எடுத்துக்கொண்டால், பின்சக்கரத்தின் மையப்பகுதியான ஹப்புக்குள் இருக்கும் மோட்டார், ஃபிரேமின் கீழ்க்குழாய்க்குள் பொதிந்திருக்கும் சுமார் 250 வாட்மணி (சேமிக்கும் ஆற்றலின் அளவு) பேட்டரி, ஒயர்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்தே ஏறத்தாழ 3.5 கிலோதான். 2019-இல் வெளிவந்த ஸ்பெஷலைஸ்டு டர்போ கிரியோ எஸ்எல் சைக்கிளில் மோட்டார் பெடல் அச்சின் அருகே இருக்கிறது. அதன் உச்சத்திறன் 240 வாட், முறுக்கு விசை 35 நியூட்டன் மீட்டர், பேட்டரி 320 வாட்மணி. மலைப்பாதைகளுக்கென்று வரும் கனமான மின் சைக்கிள்களின் மோட்டார்கள் 85 நியூட்டன் மீட்டர் வரை தருவதை நினைத்தால், இது அதில் பாதிகூட இல்லை. எடை குறைந்த சைக்கிள் அந்தப் பலத்தை விட்டுக்கொடுத்துத்தான் தன் இலகுத்தன்மையைப் பெறுகிறது.

இதோடு வேக வரம்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, சைக்கிளாகக் கருதப்படும் வண்டியின் மோட்டார் தொடர்ச்சியாக 250 வாட்டுக்கு மேல் தரக்கூடாது. வேகம் மணிக்கு 25 கி.மீ.யை எட்டியதும் உதவி நின்றுவிட வேண்டும். ரோடு சைக்கிள் ஓட்டிப் பழகியவர் சமதரையில் இந்த வேகத்தைச் சாதாரணமாகத் தாண்டிவிடுவார். அப்போது அவர் ஓட்டுவது மூன்றரைக் கிலோ கூடுதலாகச் சுமக்கும் ஒரு சாதாரண சைக்கிளைத்தான். ஆகவே, மோட்டார் அணைந்திருக்கும் நேரத்தில் சைக்கிள் எவ்வளவு சுலபமாக உருள்கிறது என்பதே இங்கு முதற்கேள்வியாகிறது. கனமான மின் சைக்கிளில் இந்தக் கேள்விக்கு அவ்வளவு முக்கியத்துவம் இல்லை.

இப்போது எடைக் கணக்கைப் பார்ப்போம். ஓட்டுபவர் 75 கிலோ, சைக்கிள் 13 கிலோ, ஆக மொத்தம் 88 கிலோ என்று கொள்வோம். 6 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஏற, புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் சுமார் 173 வாட் தேவை. பெருஞ்செலவில் அரைக் கிலோவைக் குறைத்தால் அதில் மிச்சமாவது ஒரே ஒரு வாட். மோட்டார் நூறு வாட்டுக்கு மேல் உதவிக்கொண்டிருக்கும் ஏற்றத்தில் இந்த ஒரு வாட்டை யாராலும் உணர முடியாது. மாறாக டயரை எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த, விறைப்பான டயருக்கும் மெல்லிய, நெகிழ்வான டயருக்கும் உருளும் தடைக் கெழுவில், அதாவது சுமையில் எவ்வளவு பங்கு தடையாகிறது என்ற எண்ணில், 0.002 அளவுக்கு வேறுபாடு இருப்பது சாதாரணம். அதே 88 கிலோவுக்கு, மணிக்கு 30 கி.மீ. வேகத்தில், இது 14 வாட்டுக்கு மேல் ஆகிறது. அந்த வேகத்தில் 25 கி.மீ. வரம்புள்ள மோட்டார் உதவிக்கு வராது. அத்தனை வாட்டும் ஓட்டுபவரின் கால்களிலிருந்தே வர வேண்டும். சமதரையில் பெடலின் ஒவ்வொரு சுற்றிலும் கட்டிவரும் வரி இது.

என் சைக்கிள் வந்தபோது அதில் இருந்தவை 40 மி.மீ. அகலமும் கரடுமுரடான முகப்பும் கொண்ட டயர்கள். பஞ்சரைத் தாங்கும் என்பதற்காகத் தயாரிப்பாளர் அவற்றைத் தேர்ந்திருக்கலாம். அவற்றை எடுத்துவிட்டு, நடுப்பகுதி வழவழப்பாகவும் ஓரங்களில் மட்டும் சிறு முடிச்சுகளோடும் உள்ள 38 மி.மீ. டயர்களைப் பொருத்திய முதல் நாளே, நான் செய்த எல்லா மாற்றங்களிலும் பெரியது இதுதான் என்று தெரிந்துவிட்டது. இடைப்பட்ட அகலத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மோட்டார் பெடல் அச்சருகே இருக்கும் சைக்கிளில் தார்ச்சாலைக்கு ஒரு ஜோடி சக்கரமும் சரளைக்கு ஒரு ஜோடியும் வைத்துக்கொண்டு நினைத்தபோது மாற்றலாம். என்னுடையதைப் போல மோட்டார் பின்சக்கர ஹப்பில் இருந்தால் இரண்டாவது பின்சக்கரம் என்பது இரண்டாவது மோட்டாரையும் வாங்குவதாகும். இந்த வகையை வாங்குவோர் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். விற்பனைக் குறிப்புகளில் நான் இதைக் கண்டதில்லை.

காற்றழுத்தத்துக்குச் செலவே இல்லை என்பதால்தானோ என்னவோ யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. மேற்சொன்ன எடைக்கு, ட்யூப் இல்லாத 40 மி.மீ. டயரில் சுமார் 2.5 பார் (காற்றழுத்த அலகு) போதும், 32 மி.மீ. டயருக்கு 4 பாரை ஒட்டி வைக்கலாம். டயர் கல்போல இருந்தால் வேகமாக ஓடும் என்ற பழைய நம்பிக்கை வழவழப்பான தளத்துக்குத்தான் ஓரளவு பொருந்தும். சரளையில் அது சைக்கிளைத் துள்ள வைக்கிறது. நாம் மிதித்துச் சேர்த்த ஆற்றல் நம் உடம்பையே குலுக்கி வீணாகிறது. ஹப் மோட்டார் உள்ள சைக்கிளில் பின்பக்கம் கனம் கூடுதலாக இருப்பதால் பின் டயரில் சற்று அதிகமாக வைப்பது நல்லது. டயரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி போன்ற விளிம்பு இல்லாத ரிம்களில் 5 பாருக்கு மேல் காற்றடிக்கக் கூடாது என்ற தரவிதி இருக்கிறது. மீறினால் டயர் ரிம்மிலிருந்து தெறித்துவிடக்கூடும் என்பதால் இதில் சலுகையே கிடையாது.

ட்யூப் இல்லாத டயருக்கு மாறுங்கள் என்று மின் சைக்கிள்காரர்களுக்கு நான் அழுத்திச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஹப் மோட்டார் உள்ள பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் முதலில் மின் இணைப்பைப் பிரித்து, அச்சின் போல்ட்டுகளை அதற்குரிய கருவியால் தளர்த்த வேண்டும். வழியில் பஞ்சரானபோது ஒருமுறை நான் ட்யூபை மாற்றிவிட்டு, அவசரத்தில் அந்த இணைப்பை முழுவதும் உள்ளே தள்ளாமல் கிளம்பிவிட்டேன். அடுத்த ஏற்றத்தின் நடுவில் மோட்டார் நின்றுபோனது. பிழை முழுக்க என்னுடையதே. ட்யூப் இல்லாத டயரில் சிறு துளைகளை உள்ளிருக்கும் திரவமே அடைத்துவிடும். பெரிய துளையானால் சக்கரத்தைக் கழற்றாமலேயே ரப்பர் திரியைச் செருகிவிடலாம். திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும் என்பதை மட்டும் மறவாமல் அவ்வப்போது ஊற்றி நிரப்பினால் போதும்.

டயருக்கு அடுத்து நான் செலவிடச் சொல்வது கியருக்கு. இச்சைக்கிள்களின் மோட்டார் பலம் குறைந்தது என்பதால், செங்குத்தான ஏற்றத்தில் பெடல் சுழலும் வேகம் தளர்ந்தால் மோட்டாரும் சேர்ந்து தளர்கிறது. பெடல் அச்சருகே உள்ள மோட்டார், கால்கள் நிமிடத்துக்கு 70 முதல் 90 சுற்று சுழலும்போதுதான் தன் முழுத்திறனைத் தருகிறது. ஹப் மோட்டாரோ சக்கரத்தின் வேகத்தோடு கட்டுண்டது. சக்கரம் மெதுவாகச் சுழலச் சுழல, பேட்டரியின் மின்சாரம் உந்து விசையாக மாறாமல் வெப்பமாகப் போகிறது. ரோடு சைக்கிளுக்குரிய 34 பல் முன்வட்டமும் 32 பல் பின்வட்டமும் சேர்ந்த கடைசி (மிக இலகுவான) கியரில், பெடல் ஒருமுறை சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுக்கும் சற்று மேலே போகும். சரளை ஏற்றத்தில் இது கடினம். ஷிமானோ 2019-இல் கிராவலுக்கென்றே கொண்டுவந்த ஜிஆர்எக்ஸ் வரிசையில் 30 பல் உள்வட்டம் கிடைக்கிறது. அதைப் பின்னால் 34 பல்லோடு சேர்த்தால், நிமிடத்துக்கு 60 சுற்றிலும் மணிக்கு 7 கி.மீ.க்குச் சற்றுக் குறைவான வேகத்தில் நிதானமாக ஏறலாம். முன்வட்டம் ஒன்றே உள்ள சைக்கிளில், பின்வட்டங்களின் தொகுதியான கேசட்டைப் பெரிதாக்க வேண்டும். ஆனால் சங்கிலியைக் கியருக்குக் கியர் மாற்றும் டிரெய்லியர் எத்தனை பல் வரை தாங்கும், ஹப்பில் கேசட் மாட்டும் பகுதி எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

பிரேக்கைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. கனிம எண்ணெயில் இயங்கும் பிரேக்கும் டாட் (DOT) என்ற வகை பிரேக் திரவத்தில் இயங்கும் பிரேக்கும் வெவ்வேறு. ஒன்றில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டு, பிரேக்கே பிடிக்காமல் போகலாம். கார்பன் சீட் தண்டு வாங்குவோர் எடைக்காக அன்றி, சரளையின் அதிர்வைக் குறைக்கிறது என்பதற்காக வாங்கினால் அது நியாயமான செலவே.

வேக வரம்பை நீக்கும் யோசனைக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பழுதுபார்ப்பவர் அரை மணி நேரத்தில் செய்து தருவதாகச் சொன்னார், நான் மறுத்துவிட்டேன். காற்றுத்தடையை வெல்லத் தேவையான திறன், வேகத்தின் மும்மடியாகப் (வேகம் × வேகம் × வேகம்) பெருகுகிறது. 25 கி.மீ. வேகத்திலிருந்து 35 கி.மீ. வேகத்துக்குப் போக, காற்றுக்கு மட்டும் சுமார் 2.7 மடங்கு திறன் வேண்டும். நூறு வாட்டை மோட்டாரிடமே கேட்டால், மோட்டாரில் வீணாவதையும் சேர்த்து 250 வாட்மணிச் சிறு பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலும் ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஐரோப்பாவில் அத்தகைய வண்டி சட்டத்தின் பார்வையில் சைக்கிளாகவே இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, நடப்பவர்களும் குழந்தைகளும் வரும் பாதைகளில் நம்மை அனுமதித்திருப்பது, இது சைக்கிள்தான் என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கையைக் கெடுக்கும் ஒருவரால் மற்ற எல்லா மின் சைக்கிள்காரர்களுக்கும் பாதை அடைபடும் என்பதே என் உண்மையான அச்சம்.

சிறு பேட்டரியைக் கண்டு தயங்குவோர்க்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். 88 கிலோவை 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்றச் சுமார் 240 வாட்மணி ஆற்றல் வேண்டும். அதில் பாதியை ஓட்டுபவர் தர, மீதிப் பாதியை, பேட்டரி தரும் ஆற்றலில் முக்கால் பங்கை மட்டுமே பயனாக்கும் மோட்டார் தந்தால், பேட்டரியிலிருந்து போவது 160 வாட்மணி. ஆகவே சமதரையில் உதவியைக் குறைத்து அல்லது அணைத்து வைத்து, ஏற்றங்களுக்கென்றே பேட்டரியைச் சேமிப்பவர் 250 வாட்மணியில் 1,500 மீட்டர் ஏறலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் தண்ணீர்ப் புட்டி மாட்டுமிடத்தில் பொருத்தும் துணைப் பேட்டரிகள் இருக்கின்றன. விமானப் பயணம் செய்வோர் மட்டும் கவனிக்க வேண்டும்: பயணிகள் விமானத்தில் 160 வாட்மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணச்சுமையாகக் கொண்டுசெல்ல அனுமதியில்லை.

பேட்டரியைப் பேணுவதில் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. நெடுநாள் நிறுத்திவைக்கும்போது பாதியளவு சார்ஜில் வைப்பது, வெயிலில் விடாமல் இருப்பது, கழுவும்போது அழுத்த நீரைப் பீய்ச்சாமல் இருப்பது ஆகியவை போதும். ஆனால் எவ்வளவு பேணினாலும் அது ஒருநாள் தளரும். என் சைக்கிளின் பேட்டரி தளரத் தொடங்கியதும் விற்றவரிடம் கேட்டேன். அந்த மாதிரி இப்போது தயாரிக்கப்படுவதில்லை என்று பதில் வந்தது. ஃபிரேமும் மோட்டாரும் நல்ல நிலையில் இருக்க, ஒரு பேட்டரிக்காக முழுச் சைக்கிளும் பயனற்றுப்போகும் நிலை எவ்வளவு வருத்தம் தருகிறது என்பதை அனுபவித்தவர்களே அறிவர். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1542 ஆம் எண் பேட்டரி ஒழுங்குமுறை இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. 2027 பிப்ரவரி 18 முதல், மின் சைக்கிள் போன்ற இலகு வாகனங்களின் பேட்டரி, தயாரிப்பாளரைச் சாராத தொழில்நுட்பரும் கழற்றி மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும் என்றும், அந்த மாதிரி கடைசியாகச் சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 5 ஆண்டுகள் உதிரிபாகமாகக் கிடைக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. இத்தகைய பாதுகாப்பு எல்லா நாட்டு வாங்குவோருக்கும் வேண்டும்.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி மின் சைக்கிள்களைப் பற்றி எழுதும்போது எடையையும் உச்ச வேகத்தையும் சொல்வதோடு, ஃபிரேமில் அதிகபட்சம் எத்தனை மி.மீ. டயர் நுழையும், கடைசி கியரின் அளவு என்ன, பேட்டரியை யார் கழற்றலாம், எத்தனை ஆண்டுகளுக்குப் புதியது கிடைக்கும் என்ற கேள்விகளையும் தயாரிப்பாளர்களிடம் கேட்டு, அவர்கள் தரும் பதிலை அப்படியே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பதில் தர மறுப்பவர்கள் யார் என்பதையும் வெளியிட்டால், வாங்கப் போகிறவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்