டிசம்பர் 25: சான்று எதுவரை போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்துமஸ் என்பது ரோமானியச் சூரிய விழாவுக்குச் சட்டை மாற்றிவிட்டதுதான் என்று ஆண்டுதோறும் டிசம்பரில் எழுதுகிறார்கள். சான்று அவ்வளவு தூரம் போவதில்லை. பேரரசர் அவுரேலியன் 274-இல் ரோமில் சூரியனுக்குக் கோயில் எடுத்தது உண்மை. அது டிசம்பர் 25-இல்தான் நடந்தது என்பதற்குச் சமகாலக் குறிப்பு கிடையாது. அந்தத் தேதியில் சூரியனுக்காக 30 தேர்ப்பந்தயங்கள் என்று சொல்லும் நாள்காட்டி 354-இல் தொகுக்கப்பட்டது. அதே தொகுப்பின் இன்னொரு பட்டியல், அதே தேதியில் கிறிஸ்து பெத்லகேமில் பிறந்ததாகச் சொல்கிறது! யார் யாரைப் பார்த்து வைத்தார்கள் என்று இதைக் கொண்டு தீர்ப்பெழுத முடியாது. மரியாள் மார்ச் 25-இல் கருவுற்றதாகக் கொண்டு ஒன்பது மாதம் கூட்டினாலும் இதே நாள்தான் வரும்.

சாட்டர்னாலியா என்ற இன்னொரு ரோமானிய விழா டிசம்பர் 17-இல் தொடங்கி 23-க்குள் முடிந்துவிடும். மெழுகுத்திரியும் களிமண் பொம்மையும் பரிசளிப்பது அதில் உண்டு. தேதி ஒட்டவில்லை, கொண்டாட்ட மனநிலை வேண்டுமானால் கசிந்திருக்கலாம்.

கிறிஸ்துமஸ் மரமோ மிகவும் பிந்தியது. ஸ்ட்ராஸ்பர்க் நகரில் வீட்டுக்கூடத்தில் ஃபிர் என்ற ஊசியிலை மரம் நிறுத்தி, காகித ரோஜா, ஆப்பிள், சர்க்கரை தொங்கவிட்டதாக 1605-ஆம் ஆண்டுக் குறிப்பு இருக்கிறது. அந்த ஆப்பிள், டிசம்பர் 24-இல் நடிக்கப்பட்ட ஆதாம்-ஏவாள் நாடகத்து மரத்திலிருந்து வந்தது என்பதே பொருத்தமான விளக்கம். பழைய ஜெர்மானிய வழிபாட்டோடு முடிச்சுப் போடுபவர்கள், இடைப்பட்ட நூற்றாண்டுகளுக்கு ஒரு சான்றாவது காட்டட்டும்.

இப்படிக்கு,
வாசகர்