விலாசம் மாறி வந்த மிரட்டல்

கும்பகோணம்

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் இருவரும் நலம். போன ஞாயிறு பேசும்போது, "அப்பா, குரலே சரியில்லையே" என்று கேட்டாய். சளி என்று சொன்னேன். சளி இல்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது நீ வாங்கிக் கொடுத்தாயே ஒரு புது சிம், அந்த எண்ணுக்கு ஒரு நாள் இரவு 9.40க்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. 42 விநாடி. உன் அம்மா படுத்துவிட்டாள். நான் திண்ணையில் உட்கார்ந்து காதில் வைத்துக் கேட்டேன். ஓர் இளைஞனின் குரல். "நாளைக் காலை பத்து மணிக்குள் பணம் வந்து சேர வேண்டும். இல்லாவிட்டால் உன் படத்தை அசிங்கமாக மாற்றி உன் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்புவேன். வாசலில் ஆள் வந்து நிற்கும்." இது எழுதத்தக்க பகுதி மட்டும். நடுவில் வந்த வசவுகளை எழுதினால் இந்த உறைமேல் தபால்தலை ஒட்டாது.

யாரிடம் பேசுகிறான் என்று பெயர் சொல்லவில்லை.

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு உன் நினைவுதான் வந்தது. போன வருஷம் வீட்டுக்கு முன்பணம் கட்ட மூன்று லட்சம் கேட்டாய். நான் கையை விரித்தேன். அதற்குப் பிறகு நீ பணப்பேச்சே எடுப்பதில்லை. ஏதாவது செயலியில் கடன் வாங்கிவிட்டு அப்பன் எண்ணைக் கொடுத்துவிட்டாயோ என்று மனம் போயிற்று. நடுராத்திரியில் பீரோவைத் திறந்து, சேமிப்புப் பத்திரம் எப்போது முதிர்கிறது என்றுகூடப் பார்த்தேன். உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஆமாம் என்று சொல்லிவிடுவாயோ என்ற பயத்தில் கேட்கவில்லை.

விடிந்ததும் இரண்டாவது பதிவு. அதில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட கையோடு வெட்கமாகப் போய்விட்டது. உன்னைச் சந்தேகப்பட்டது ஒரு பக்கம். யாரோ ஒருத்தி தலையில் இடி விழுகிறது என்று தெரிந்து நிம்மதிப்பட்டது இன்னொரு பக்கம்.

அந்தப் பதிவை மறுபடி மறுபடி கேட்டேன். பின்னால் ஒரு மின்விசிறி கடகடக்கிறது. இன்னொருவன் வேறு யாரையோ இதே வார்த்தைகளில் மிரட்டுகிறான். அதற்கும் அப்பால் ஒரு குரல், "டீக்கு யாரிடம் சில்லறை இருக்கிறது?" என்று கேட்கிறது. மற்ற வேலைகளைப் போல இதுவும் ஒரு வேலையாக நடக்கிறது.

"இந்த எண் இப்போது என்னுடையது, நான் ஓய்வு பெற்ற தபால்காரன்" என்று பதில் அனுப்பினேன். "அப்படியென்றால் நீ கட்டு" என்று வந்தது. 34 வருஷம் பட்டுவாடா செய்தவன் நான். விலாசதாரர் இல்லையென்றால் அனுப்பியவருக்கே திருப்புவோம்; அவருடைய முகவரியும் இல்லையென்றால் ஆர்.எல்.ஓ. என்கிற, சேர்க்க முடியாத தபால்களுக்கான அலுவலகத்துக்குப் போகும். இதை எங்கே திருப்புவது?

காவல் நிலையத்துக்குப் போனேன். ஏட்டு முதலில், "பிளாக் செய்துவிட்டு நிம்மதியாக இருங்கள் ஐயா" என்றார். பதிவைப் போட்டுக் காட்டியதும் முகம் மாறியது. மனு வாங்கி, புகார் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார். நாம் 506 என்று கேட்டுப் பழகிய கொலைமிரட்டல் பிரிவு 2024 ஜூலை முதல் புதுத் தண்டனைச் சட்டத்தில் 351 ஆகிவிட்டதாம். கடனை வசூலிக்கிறவர்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. கடன் செயலிகள் போனில் உள்ள தொடர்பு எண்களைத் தொடவே கூடாது என்றும் அதே ஆண்டில் விதி வந்தது. விதியைப் படித்துவிட்டா அந்தப் பையன் பேசுகிறான்?

எண் எப்படி என்னிடம் வந்தது என்பதையும் தெரிந்துகொண்டேன். ஒருவர் விட்டுவிட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் காலியாக வைத்திருந்து, பிறகு இன்னொருவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். எண் கைமாறிய செய்தி இப்படிக் கடன் கொடுத்து மிரட்டுகிறவனுக்கும் போகவில்லை, பள்ளிக்கும் போகவில்லை.

பள்ளி என்றதும்தான் எனக்கு உறைத்தது. இரண்டு மாதமாக இந்த எண்ணுக்கு ஒரு பள்ளியிலிருந்து குறுஞ்செய்தி வந்துகொண்டிருந்தது. நாளை விடுமுறை, நாளை வண்ண உடை, உங்கள் குழந்தை இன்று வரவில்லை. விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டிருந்தேன். அந்தப் பள்ளிக்குப் போன் செய்து, "ஒரு பெற்றோரின் எண் என்னிடம் வந்திருக்கிறது, அவருடைய செய்திகள் எனக்கு வருகின்றன, என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள்" என்று மட்டும் சொன்னேன். கடன், மிரட்டல் எதுவும் சொல்லவில்லை. பிறர் தபாலைப் பிரித்துப் படித்துச் சொல்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. அந்தப் பெண்ணின் பெயரை உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, உனக்கும் எழுதப்போவதில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் கூப்பிட்டாள். முதலில் வெறும் மூச்சுச் சத்தம்தான். பிறகு, "ஐயா, அவர்கள் படம் ஏதாவது அனுப்பினார்களா?" என்று கேட்டாள். "இல்லை அம்மா, குரல் மட்டும்தான்" என்றேன். இணையக் குற்றங்களைப் புகார் செய்வதற்கான 1930 என்ற எண்ணையும், ஏட்டு கொடுத்த ரசீது எண்ணையும் சொன்னேன். எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான் பேச்சு.

இதைக் கேட்டதும் நீ எண்ணை மாற்றச் சொல்வாய். மாற்றமாட்டேன். நான் விட்டால் இது 90 நாள் கழித்து இன்னொரு வீட்டுக்குப் போகும். அங்கே இரவு பத்து மணிக்கு யார் எடுப்பார்களோ. அந்தப் பையன் இன்னும் இரண்டு பதிவு அனுப்பினான். இரண்டையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன், ஏட்டு வைத்திருக்கச் சொன்னார்.

சேமிப்புப் பத்திரம் ஆவணியில் முதிர்கிறது. மூன்று லட்சம் இல்லை, ஒன்றரைதான் தேறும். வேண்டுமென்றால் சொல். வேண்டாமென்றாலும் பணத்தைப் பற்றி என்னிடம் பேசு.

போன திங்கள் முதல் பள்ளிக் குறுஞ்செய்திகள் வருவது நின்றுவிட்டது.

அன்புடன்,
அப்பா