பாகியோவை மட்டும் ஏன் ஒதுக்கினீர்கள்? பிலிப்பைன்ஸ் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய செனட்டர்களுக்கும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பழங்குடிகளின் நில உரிமைக்காக நீங்கள் இயற்றிய சட்டத்தில் பாகியோ நகரத்தை மட்டும் விலக்கி வைத்ததைப் பற்றித்தான் இந்த மடல். அந்தச் சட்டத்துக்கு அடித்தளமான வழக்கை நடத்திய மாத்தேயோ காரின்யோ யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் இதைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லூசோன் தீவின் வடக்கு மலையில் இன்று பாகியோ நகரம் இருக்கும் இடத்தில், ஸ்பானியர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் கஃபாக்வே என்று ஒரு சின்ன ஊர் இருந்தது. இபலோய் என்ற பழங்குடி மக்களின் ஊர், காரின்யோ அவர்களுக்குத் தலைவர். அவருடைய தாத்தா அங்கே குடியிருந்து, மாடு அடைக்கிற அளவுக்கு வேலி போட்டு வைத்திருந்தார். அப்பா ஒரு பகுதியில் பயிர் செய்தார், மீதியை மேய்ச்சலுக்கு விட்டார். அப்படி இவர் கைக்கு வந்தது 146 ஹெக்டேர். பத்திரம் கிடையாது, ஆனால் அது யார் நிலம் என்று சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இருந்தும் மனிதர் சும்மா இருக்கவில்லை. 1893-94இலும் 1896-97இலும் ஸ்பானிய அரசிடம் பட்டா கேட்டு மனுப் போட்டார், ஒன்றும் நடக்கவில்லை. அமெரிக்கர் வந்தபின் 1901இல் பதிவு செய்தார், அதுவும் அனுபவ பாத்தியதை என்ற அளவோடு நின்றுவிட்டது. அப்புறம் மணிலா வெயிலுக்குத் தப்பிக்க மலைமேல் ஒரு கோடைத் தலைநகரமும் ராணுவ முகாமும் வேண்டும் என்று அமெரிக்கர்கள் முடிவு செய்ய, அவருடைய நிலம் அரசின் கைக்குப் போனது. 1904இல் நிலப்பதிவு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, மேல்முறையீட்டில் தோற்றார், மணிலா உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார், அதற்குமேல் யாராக இருந்தாலும் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியிருப்பார்கள், இவரோ வழக்கை வாஷிங்டனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோனார்.

1909 பிப்ரவரி 23 அன்று நீதிபதி ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பில் ஜெயித்தார். நினைவு எட்டும் காலம்வரை தனியார் சொத்தாக அனுபவித்து வந்த நிலம், ஸ்பானியர் வருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான் இருந்தது என்று கொள்ள வேண்டும், அது ஒருநாளும் அரசு நிலமாக இருந்ததில்லை என்றார் ஹோம்ஸ். அதைக் கேட்க காரின்யோ உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

இனி உங்களிடம் வருகிறேன். 1997இல் நீங்கள் நிறைவேற்றிய பழங்குடி மக்கள் உரிமைச் சட்டம், அதாவது குடியரசுச் சட்டம் 8371, இந்தத் தீர்ப்பின்மேல்தான் நிற்கிறது. 2000இல் அதை எதிர்த்து வழக்கு வந்து உச்ச நீதிமன்றம் 7க்கு 7 என்று பிரிந்தபோதும், சட்டம் செல்லும் என்று எழுதிய நீதிபதிகள் காரின்யோ வழக்கைத்தான் காட்டினார்கள். அப்படிப்பட்ட சட்டத்தில், பாகியோ அதன் சொந்த நகர சாசனப்படியே, அதாவது அந்த நகரத்துக்கென்று உள்ள தனிச் சட்டப்படியே நடக்கும் என்று 78ஆம் பிரிவைச் சேர்த்தது என்ன நியாயம்? காரின்யோவின் பெயரால் நாடு முழுக்கப் பழங்குடிகள் நிலம் கேட்கலாம், அவருடைய ஊரில் அவருடைய மக்கள் மட்டும் இந்தச் சட்டத்தின்கீழ் கேட்கக்கூடாதா? 2019இல் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைக் காட்டித்தான், பாகியோ நிலங்களுக்குப் பூர்வீக நில உரிமைச் சான்றிதழ் கொடுக்கப் பழங்குடியினர் ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்றது. நீதிபதிகளைக் குறைசொல்லிப் பயனில்லை, நீங்கள் எழுதியதைத்தான் அவர்கள் படித்தார்கள்.

போலி உரிமைக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள், பூங்காவையும் சாலையையும்கூடத் தங்களுடையது என்பார்கள் என்ற பயம் இருக்கிறது. நியாயமான பயம்தான். அதற்காக உண்மையானவர்களையும் சேர்த்துக் கதவுக்கு வெளியே நிறுத்துவது எப்படிச் சரியாகும்? வேலி எங்கே இருந்தது, யார் மேய்த்தார்கள், அக்கம்பக்கத்தார் யாரை உரிமையாளர் என்று ஏற்றார்கள் என்று காரின்யோ வழக்கில் விசாரித்தது போலவே ஒவ்வொன்றையும் விசாரியுங்கள். தேறாததைத் தள்ளுங்கள்.

சட்டம் இயற்றி இதை மாற்றலாம் என்று அந்த 78ஆம் பிரிவிலேயே வழி வைத்திருக்கிறீர்கள். பாகியோவில் ஒவ்வொரு பிப்ரவரி 23ஐயும் இபலோய் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அடுத்த பிப்ரவரிக்குள் ஒரு திருத்த மசோதாவையாவது இரு அவைகளிலும் தாக்கல் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.