மாயவரம் பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். நீ வேளைக்குச் சாப்பிடு. மூன்று வாரமாக உன் போன் இல்லை. வேலை அதிகமாக இருக்கும் என்கிறாள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது பாப்பா உன்னிடம், "உங்க ஊர் எதுப்பா?" என்று கேட்டாள். "மாயவரம் பக்கம்" என்றாய். தப்பில்லை. மாயவரம் நல்ல ஊர், ஜங்ஷன் இருக்கிறது. இங்கிருந்து 30 கிலோமீட்டர்தானே. சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று சொல்லி நான்தான் போனை வைத்தேன்.

பாப்பா வளர்ந்தால் இன்னும் கேட்பாள். அதற்காகச் சிலதை எழுதிவைக்கிறேன். கோட்டைக்கு எதிரே இத்தனை வருஷம் சோடா விற்றவனுக்கு இதுகூடத் தெரியாதா?

1620-இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டென்மார்க்காரர்களுக்கு இங்கே இடம் கொடுத்தார். அந்த நாட்டு ராஜாவுக்குப் பொன் தகட்டில் அவர் எழுதிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறதாம். போன ஆடியில் நான் எழுதிய கடிதம் உன்னிடம் இருக்கிறதா? சும்மா கேட்டேன்.

1845-இல் அவர்கள் இந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சத்துக்கு இங்கிலீஷ்காரனிடம் விற்றார்கள். இன்றைக்கு அந்தப் பணத்துக்குச் சென்னையில் ஒரு ஃபிளாட் கிடைக்காது.

சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் 1706-இல் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 23. இங்கத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் படித்தார். பத்தே வருஷத்துக்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் இங்கேயே அச்சடித்துவிட்டார். பாப்பாவுக்குத் தமிழ் எழுத வரவில்லை என்று அலுத்துக்கொள்கிறாயே, அவளை ஒரு தடவை மணலில் உட்காரவை. அங்கேயும் கடற்கரை இருக்கிறதாமே.

இவர்களுக்கெல்லாம் முந்நூறு வருஷம் மூத்தவர் நம் மாசிலாமணிநாதர். குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டில் ஊர்ப்பெயர் சடங்கன்பாடி. கோயிலின் முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது. தாத்தா ஏறி விளையாடிய இடத்தில் நான் பாதிதான் பார்த்தேன். நீ பார்த்ததெல்லாம் கொட்டிவைத்த கருங்கல். அந்தக் கல்லில் உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தானே வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கினாய்! இப்போதும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறேன். சொல்லிவிட்டு, அவன் எப்போது வருவான் என்று கேட்டுவிடுவார்களோ என்று சோடாவை உடைக்கக் குனிந்துவிடுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. ராத்திரியில் கண்விழிக்காதே.

தம்பி, அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாம் பேசிக்கொண்டதே இல்லை. இப்போதும் எழுத மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் நடந்தது என் கணக்கு. "இந்த ஊர்ல என்னடா இருக்கு, படிச்சு வெளியே போயிடு" என்று உனக்கு ஓதியது நான்தான். தஞ்சாவூர் ஹாஸ்டல் விண்ணப்பத்தில் சொந்த ஊர் என்ற இடத்தில் மாயவரம் என்று எழுதி, மாமா வீட்டு விலாசத்தைப் போட்டதும் என் கைதான். சுனாமிப் பிள்ளை என்று யாரும் உன்னைப் பரிதாபமாகப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். உனக்குப் பத்து வயது. பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தாய். "தப்பா எழுதிட்டீங்கப்பா" என்றாய். பேசாமல் இரு என்று அதட்டினேன்.

அடுத்த பொங்கலுக்கு உன்னைக் கூட்டிவர வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை. மழை, பஸ் ஓடவில்லை என்று வார்டனிடம் போனில் சொன்னேன். நீ நம்பினாயோ என்னவோ, அதைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. உன்னை மறுபடி இந்தக் கடலோரம் கூட்டிவர எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

பஸ் ஓடியது. போகியன்று காலையில் கடைவாசலில் நின்று இரண்டு பஸ் போனதைப் பார்த்தேன்.

அன்புடன்,
அப்பா
தரங்கம்பாடி