கடற்கரைக் கோட்டைகளில் நாய்களுக்கும் ஒரு நேரம் ஒதுக்குங்கள்

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை, சுற்றுலாத் துறை, இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டம், பெருநகர சென்னை மாநகராட்சி அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நேராக விஷயத்துக்கே வருகிறேன். வீட்டு நாயைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்வர வேண்டும் என்றால் எந்தக் கடற்கரைக்குப் போகலாம், எந்தக் கோட்டைக்குள் விடுவார்கள் என்று சொல்ல யாருமில்லை. வாசலில் நிற்கும் காவலாளி அன்றைக்கு என்ன சொல்கிறாரோ அதுதான் சட்டம். காலையில் ஒருவர் "சீக்கிரம் பார்த்துட்டு வந்துடுங்க சார்" என்று விடுவார், மதியம் வேலைக்கு வரும் இன்னொருவர் அதே வாசலில் விரட்டுவார், இரண்டு பேர் மேலும் தப்பில்லை, அவர்கள் கையில் எழுத்தில் எதுவும் கிடையாது. எந்த இடம், எந்த மாதம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, என்னென்ன நிபந்தனை என்று எழுதிப் பலகை வையுங்கள் என்பதுதான் நான் கேட்பது. முதலில் கடலோரம் இருக்கும் கோட்டைகளில் இதைச் செய்து பாருங்கள்.

மத்திய தொல்லியல் துறை வசம் உள்ள சின்னங்களுக்கு 1959ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன என்பது தெரியும். பராமரிப்பு வேலைக்காக அல்லாமல் வேறு எதற்காகவும் எந்த விலங்கையும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று 8ஆவது விதி சொல்கிறது. மாட்டு வண்டி கட்டிக்கொண்டும் ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டும் சின்னங்களுக்குள் நுழைவதைத் தடுக்க அன்றைக்கு அப்படி ஒரு விதி தேவைப்பட்டிருக்கும். ஆனால் வாரணாசியில் இருக்கும் ஒரு தூணுக்கும் கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்து நிற்கும் டச்சுக் கோட்டைக்கும் ஒரே வரியில் ஒரே தடை என்பது இன்றைக்கு எவ்வளவு பொருந்தும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்த விதியை மாற்றுவது டெல்லியின் கையில். மாநிலத் துறையின் பொறுப்பில் இருக்கும் இடங்களைப் பற்றி முடிவெடுக்க சென்னையிலேயே முடியும். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

தடை இருப்பதால் நாய்கள் வராமல் இருப்பதில்லை. வருகின்றன, காருக்குள் பூட்டப்படுகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எந்தச் சுற்றுலா இடத்தின் வாகன நிறுத்தத்திலும் விடுமுறை நாளில் ஒரு சுற்று சுற்றினால் இதைப் பார்க்கலாம். கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கிவிட்டு, "பத்தே நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் குடும்பமே உள்ளே போயிருக்கும். கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க மூக்குத் தடம். நாக்கு முழு நீளத்துக்குத் தொங்க, இருக்கைக்கும் கதவுக்கும் நடுவில் நிழல் தேடி அந்த நாய் மாறி மாறி உட்காரும். வெளியே 32 டிகிரி இருந்தாலே மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 40ஐத் தாண்டிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிதாக எதுவும் மாறாது. நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்த்துச் சூட்டை இறக்க நாயால் முடியாது, மூச்சிரைத்துத்தான் தணித்துக்கொள்ள வேண்டும், சுற்றியிருக்கும் காற்றே கொதித்தால் அதுவும் நடக்காது. அப்படிச் சாகும் நாய்கள் உண்டு. வளர்ப்பவரின் பொறுப்பின்மைதான் முதல் காரணம், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் உள்ளே கூட்டிப்போக வழி இருந்தால் பாதிப் பேர் காரில் விடமாட்டார்கள் என்பதும் உண்மை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வழிபாடு நடக்கும் எந்தக் கோயிலுக்குள்ளும் நாயைக் கொண்டுபோக வேண்டும் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். மாமல்லபுரத்தில் தலசயனப் பெருமாள் கோயில் பக்கம் போக வேண்டாம். கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும்கூட இப்போதைக்கு வேண்டாம் என்றே சொல்வேன், 1984இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் இடம், கூட்டம் தாங்காது, புடைப்புச் சிற்பங்கள் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கின்றன. நாயின் சிறுநீர் கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் நல்லதில்லை, அதில் இருக்கும் உப்பு உள்ளே இறங்கிக் கல்லை அரிக்கும். நாய் வளர்க்கிறோம் என்பதற்காக இதை மறைக்கக் கூடாது.

நான் கேட்பது வேறு மாதிரி இடங்கள். கடப்பாக்கம் பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே கைக்குப் போய், பத்தே வருஷத்தில் ஆங்கிலேயர்கள் இடித்துத் தள்ளிய கோட்டை. மிச்சம் இருப்பது செங்கல்லும் சுண்ணாம்புமாய்ச் சரிந்த மதில்கள், நடுவில் திறந்த வெளி, அந்தப் பக்கம் கழிமுகம், அதைத் தாண்டிக் கடல். காலை ஏழு மணிக்கு மீன்பிடிப் படகுகளைத் தவிர அங்கே பெரிய நடமாட்டம் இருக்காது. மதிலிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி ஒரு நடைபாதையைக் கல் பதித்து வரையறுத்தால் போதும், நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அதிலேயே முழுக்கோட்டையையும் சுற்றி வரலாம். தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிறது, அதற்குள் வேண்டாம், ஆனால் கோட்டைக்கு முன்னால் இருக்கும் அந்தப் பெரிய வெளியும் கடலோரமும் போதுமே. முன்னால் சொன்ன டச்சுக் கோட்டை, சதுரங்கப்பட்டினத்தில் இருப்பது, மத்தியத் துறையுடையது. அங்கே டச்சுக் கல்லறைகள் இருக்கும் பகுதியைக் கயிறு கட்டி ஒதுக்கிவிட்டு மீதியைத் திறக்கலாமா என்று சென்னை வட்டம் டெல்லிக்கு ஒரு முன்மொழிவு எழுதினால் அதுவே பெரிய விஷயம்.

பழமையான இடத்தில் நாய்க்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், எடத்தனூர் நடுகல்லைக் காட்டுங்கள். திருவண்ணாமலை மாவட்டம், 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலம். எருமைகளுக்காக நடந்த சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. வில்லும் கையுமாய் அவன் நிற்க, பின்னாலேயே அவனுடைய நாயும் நிற்கிறது. கோவிவன் என்று அந்த நாயின் பெயரைக் கல்லில் வெட்டி, அது கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். குடைவரைக் கோயில்களைத் தொடங்கிவைத்த அதே பல்லவ அரசனின் ஆட்சியில், ஒரு கிராமத்தார் நாயைப் பெயர் சொல்லிக் கல்லில் ஏற்றியிருக்கிறார்கள். இந்த மண்ணின் தொல்லியலில் நாய்க்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது.

வெளிநாட்டில் எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேயும் எல்லா இடத்திலும் "வாங்க வாங்க" என்று கூப்பிடவில்லை. இங்கிலாந்தில் விட்பி மடத்தின் இடிபாடுகளுக்குள்ளும் டின்டேஜல் கோட்டைக்குள்ளும் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போகலாம். ஸ்டோன்ஹெஞ்ச் கற்களுக்குப் பக்கத்தில் வழிகாட்டி நாய், உதவி நாய் தவிர மற்றவற்றை விடமாட்டார்கள். மூன்றையும் பராமரிப்பது ஒரே அமைப்பு, ஆனால் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி முடிவு. கடற்கரைகளிலும் அப்படித்தான், கூட்டம் குவியும் பல கடற்கரைகளில் மே முதல் செப்டம்பர் வரை நாய் கூடாது, மற்ற மாதங்களில் வரலாம். டென்மார்க்கில் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை கடற்கரையில் நாயைக் கட்டித்தான் கூட்டிப்போக வேண்டும். சுத்தமான கடற்கரை என்பதற்காக நம் கோவளம் கடற்கரை 2021இல் வாங்கிய நீலக்கொடிச் சான்றிதழைக் கொடுக்கும் அமைப்பின் தலைமையகமே அந்த டென்மார்க்கில்தான் இருக்கிறது. நீலக்கொடி வாங்கிய பகுதியில் நாய்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு, அதை மதிப்போம். ஆனால் கொடி பறக்கும் அந்தச் சின்னப் பகுதியைக் காரணம் காட்டிக் கடற்கரை முழுவதையும் மூட வேண்டிய அவசியம் இல்லை.

அங்கே குளிப்பவர்களை வைத்து மாதங்களைப் பிரிக்கிறார்கள். நம் ஊரில் கடலாமைகளை வைத்துப் பிரிக்க வேண்டும். இதை நாய் வளர்ப்பவர்களில் சிலர் விரும்பமாட்டார்கள், ஆனாலும் சொல்கிறேன். ஜனவரியிலிருந்து, பங்குனி ஆமை என்று சொல்லப்படும் கடலாமைகள் சென்னைக் கரையில் முட்டையிட வருகின்றன. ஒரு குழியில் சுமார் நூறு முட்டை இருக்கும், ஒன்றரை அடி ஆழம்தான், மோப்பம் பிடித்துத் தோண்டுவது நாய்க்குப் பெரிய வேலையே இல்லை. 1988இலிருந்து மாணவர்களும் தன்னார்வலர்களும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி முழுக்க மணலில் நடந்து அந்த முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். பொரிப்பதற்கு 45 முதல் 60 நாள் ஆகும், அதனால் குஞ்சுகள் கடலுக்குப் போய்ச் சேர மே ஆகிவிடும். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் வலையில் சிக்கி மூச்சுத் திணறிச் செத்து இதே கரையில் ஒதுங்கியதைப் பார்த்த ஊர் இது. ஆகவே ஜனவரி முதல் மே வரை நாய் மணலில் இறங்கக் கூடாது என்றே போடுங்கள், சாலையோர நடைபாதையோடு சரி. ஜூன் முதல் டிசம்பர் வரை காலை ஐந்திலிருந்து எட்டு மணி வரைக்கும் ஒரு பகுதியை மட்டும் திறந்து கொடுங்கள். எட்டு மணிக்கு மேல் மணல் எங்களுக்கே வேண்டாம், அது சூடாகிவிட்டால் நாயின் பாதம் பொத்துப்போகும். புறங்கையை மணலில் வைத்து ஏழு விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாயை அதில் நடக்கவிடக் கூடாது.

பயப்படுகிறவர்களைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை எழுத முடியாது. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வைலர்கள் குதறின. அந்தச் செய்திக்குப் பிறகு நாயோடு வருகிறவரைக் கண்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போகும் அம்மாவிடம் "ஒன்னும் பண்ணாதுங்க" என்று நாங்கள் சொல்வது அர்த்தமில்லாத பேச்சு. அவருக்கு என் நாயைத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. எங்கள் வீட்டு ராணி சிப்பிப்பாறை நாய், வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட இனம், கண்ணெதிரே ஒரு நண்டு ஓடினால்கூட உடம்பெல்லாம் வில்லாக இழுபட்டுவிடும், நான் அவளை ஆறடிக் கயிற்றில் கையில் இரண்டு சுற்றுச் சுற்றித்தான் பிடிப்பேன். எவ்வளவு சாதுவாக இருந்தாலும் பொது இடத்தில் கயிறு அவிழக் கூடாது. இழுத்தால் நீளும் அந்தப் பெல்ட்டும் வேண்டாம், பதினைந்தடி தூரத்தில் இருக்கும் நாயை யாராலும் சட்டென்று நிறுத்த முடியாது. பெரிய இனங்களுக்கு வாய்மூடி கட்டாயம் என்றால் அதற்கும் சம்மதம்.

இதையெல்லாம் சரிபார்க்க நீங்கள் புதிதாக எதுவும் கட்டத் தேவையில்லை என்பதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமத்தைக் கட்டாயமாக்கிவிட்டது, ரேபிஸ் தடுப்பூசிச் சான்று வேண்டும், மைக்ரோசிப் பொருத்தவும் ஏற்பாடு இருக்கிறது. அபராதம் விதிக்க மட்டும்தான் அந்த உரிமமா? அதைக் காட்டினால் காலை நேரத்தில் உள்ளே போகலாம் என்று சொல்லிப் பாருங்கள், இதுவரை உரிமம் எடுக்காமல் இழுத்தடிக்கிறவர்கள் ஒரே மாதத்தில் வரிசையில் நிற்பார்கள். கூடவே பூச்சி மருந்து கொடுத்த தேதியையும் கேளுங்கள். நாய் மலத்திலிருந்து கொக்கிப்புழு மணலில் பரவி, வெறுங்காலோடு நடப்பவர்களின் தோலுக்குள் புகுந்து, கோடு கோடாக அரிப்பெடுக்கும், மணல் வீடு கட்டி விளையாடும் குழந்தைகளுக்குத்தான் இது முதலில் வரும். அதனால் மலத்தை அள்ளாதவருக்கு அபராதம் போடுங்கள், கறாராகப் போடுங்கள். ஆனால் அள்ளிய பையைப் போட ஒரு மூடிவைத்த தொட்டியையும் வையுங்கள், பையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடந்து, கடைசியில் யாரும் பார்க்காதபோது தாழம்புதரில் எறிந்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த இடங்களுக்கு நாயோடு போய்வருவது கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் எளிது என்பதும் உறுத்துகிறது. ரயிலில் முதல் வகுப்பு ஏசியில் தனி அறை கிடைத்தால் நாயைக் கூட்டிப்போகலாம், இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் கூண்டு. தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்ப்பவர்களில் பலருக்கு இரண்டுமே எட்டாது. இதற்கு இன்றைக்கே வழி சொல்ல எனக்குத் தெரியவில்லை, ஆனால் சென்னைக்குள்ளேயே ஒரு கடற்கரைப் பகுதி திறந்தால் அவர்கள் நடந்தே வந்துவிடுவார்கள், அதற்காகவாவது மாநகராட்சி முதலில் செய்யட்டும்.

வருகிற ஜூன் மாதம் ஆரம்பிக்கலாம். ஆலம்பரையில் சனி, ஞாயிறு காலை ஆறிலிருந்து ஒன்பது வரை, ஆறு மாதத்துக்குச் சோதனையாக. வாசலில் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பலகை, உரிமம் பார்க்க ஓர் ஆள், தொட்டி, ஒரு தண்ணீர்க் குழாய். கடல் தண்ணீரைக் குடித்துவிட்டு வாந்தி எடுக்கும் நாய்களுக்கு அந்தக் குழாய் மிக முக்கியம். உள்ளூர் மீனவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், வலை உலர்த்தும் இடத்தில் நாய்கள் போகக் கூடாது என்று அவர்கள் சொன்னால் அந்த எல்லைக்கோட்டையும் பலகையிலேயே வரைந்துவிடுங்கள். ஆறு மாதத்தில் மதிலுக்குச் சேதம் வந்ததா, யாரையாவது கடித்ததா, குப்பை கூடியதா என்று பார்த்துவிட்டு நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவெடுங்கள். நிறுத்தினால் காரணத்தையும் எழுதி ஒட்டுங்கள். அந்த மூன்று மணி நேரம் வாசலில் நின்று உரிமம் சரிபார்க்கவும் குப்பை அள்ளவும் தன்னார்வலர்கள் வேண்டும் என்றால் நாய் வளர்க்கும் நாங்களே முறை வைத்து வருகிறோம், எந்தத் துறையிடம் பெயர் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சென்னையில் நாய் வளர்க்கும் ஒருவர்