வாஷருக்கு வால் வைக்கச் சொன்ன அக்காவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

நாங்கள் செய்த தண்ணீர் பாட்டில் மூடி தேறிவிட்டது. ஆய்வக முடிவு வந்ததுமே உங்களில் பலருக்கு ஃபோனில் சொல்லிவிட்டேன். இருந்தாலும் இன்னொரு தடவை எழுதிப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. கழுவிய பிறகு எடுத்த மாதிரிகள் எல்லாவற்றிலும் கிருமி எண்ணிக்கை வரம்புக்குள் இருக்கிறது, வாஷர் உட்காரும் பள்ளம் உட்பட. அந்த வரியைப் படித்துவிட்டு எழுந்து நிற்கக்கூட முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கழுவிய பிறகும் மூடியில் கிருமி தங்குகிறது என்று முதலில் ஆய்வகத்தில் தடைபட்டு, எல்லாமே நின்றுபோகும் நிலை வந்தது உங்களுக்குத் தெரிந்த கதைதான். பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் நீங்கள். அதைக் கிளற இப்போது மனமில்லை. நன்றி சொல்ல வேண்டும், சூடு ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஒருவருக்கு. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் பாத்திரம் கழுவுகிறவர். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் தண்ணீர் குடிப்பதற்காக நாங்கள் செய்த சோதனை மூடிகள் அந்த இல்லத்துக்கும் போயிருந்தன. குடித்தவர்களிடமிருந்தும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களிடமிருந்தும் கருத்துத் தாள்கள் வந்தன. ஒழுகவில்லை, உறிஞ்ச வசதியாக இருக்கிறது, திறக்கக் கொஞ்சம் பலம் வேண்டியிருக்கிறது என்று அக்கறையோடு எழுதியிருந்தார்கள். ஆனால் ஆய்வகத்தில் எது எங்களைத் தடுத்ததோ, அதற்கான துப்பு எந்தத் தாளிலும் இல்லை.

அந்த நாட்களில் ஃபோன் அடிப்பதே குறைந்துபோயிருந்தது. அப்போதுதான் ஒரு பார்சல் வந்தது. பழைய துணியில் சுற்றி, நூலால் கட்டி, உள்ளே எங்கள் மூடிகள். எல்லாமே பயன்படுத்தியவை, நன்றாகக் கழுவிக் காயவைத்தவை. ஒவ்வொரு மூடியிலும் அங்கங்கே பல் குத்தும் குச்சியை ஒடித்துச் செருகியிருந்தது. வாஷர் உட்காரும் பள்ளத்தில் ஒன்று. உறிஞ்சும் முனை மூடியோடு சேரும் அடிவாரத்தில் ஒன்று. கீலின் ஊசித் துளையில் ஒன்று. காற்றுத் துளையின் அடிப்பக்கம் ஒன்று. மரை முடிகிற இடத்தில், பார்த்தாலே தெரியாத ஒரு இடுக்கில் இன்னொன்று. கூடவே ஒரு தாள். அதில் காது குடையும் பஞ்சுக்குச்சிகளை வரிசையாக ஒட்டி, பக்கத்தில் இடத்தின் பெயரை எழுதியிருந்தார். சோப்புப் போட்டுக் கழுவி முடித்த பிறகு அந்தந்த இடத்தைத் துடைத்த பஞ்சு அது. வாஷர் பள்ளத்துப் பஞ்சு பழுப்பாக இருந்தது. கீலில் துடைத்தது கருப்பு.

தாளின் அடியில் இரண்டே வரி: “குச்சி இருக்கற எடத்துல என் விரல் போகல, பிரஷ்ஷும் போகல. குடிக்கறவங்க எழுதற தாள்ல இதுக்கு எடம் இல்ல, அதான் பொருளாவே அனுப்பிட்டேன்.”

யாரும் அவரைக் கேட்கவில்லை. அது அவர் வேலையும் இல்லை. நாள் முழுக்க ஈரத்தில் நின்றுவிட்டு, வேலை முடிந்தபின் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒருவருடைய மூடியின் ஒவ்வொரு இடுக்கையும் தேடித் தேடிக் குச்சி செருகியிருக்கிறார். எத்தனையோ வல்லுநர்களின் நேரத்துக்காகக் காத்துக் கிடந்திருக்கிறேன். இவர் தன் நேரத்தைத் துணியில் சுற்றி அனுப்பியிருந்தார்.

அப்புறம் நேரில் போய்ப் பார்த்தேன். தொட்டிப் பக்கத்தில் ஓரமாக நிற்க இடம் கொடுத்தார். ஈரக் கை, சோப்பு நுரை, பக்கத்தில் மலைபோல் மூடிகள். சிலிகான் வாஷர் நனைந்தால் எவ்வளவு வழுக்கும் என்பது கையில் பிடித்தவர்களுக்குத் தெரியும். நகம் பிடிக்காது. அதனால் எல்லோரும் கத்தி முனையால் நெம்பித்தான் எடுப்பார்கள். கத்தி பட்ட இடத்தில் சின்னதாக ஒரு கீறல் விழும். சிலிகானில் ஒரு கீறல் விழுந்தால் அது இழுக்க இழுக்க வளரும். கீறலில் அழுக்கும் தங்கும், தண்ணீரும் கசியும். அதற்குப் பயந்து, வாஷரைக் கழற்றாமலேயே மேலோட்டமாகக் கழுவிவிடுகிறவர்களும் உண்டு. யாரைக் குறை சொல்ல முடியும்? “ஒரு மூடிக்கே இவ்ளோ நேரம் ஆனா மத்தத யாரு தம்பி கழுவறது?” என்றார். நியாயம்தானே.

பிறகு ஒரு வாஷரை எடுத்துக் காட்டினார். அதில் தையல் நூலை ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, நூலின் நுனியை வெளியே விட்டிருந்தார். நூலைப் பிடித்து இழுத்ததும் வாஷர் பள்ளத்திலிருந்து சுளுவாக வெளியே வந்தது. “இப்படி ஒரு வால் வச்சே செஞ்சிடுங்களேன். நூலு ஈரத்துல நாறிப் போகுது.”

இப்போது தேர்ச்சி பெற்றிருக்கும் மூடியில் இருப்பது அந்த வால்தான். வாஷரோடு ஒரே வார்ப்பாக, விரல் நுனியில் பிடிக்கிற அளவுக்கு, சோப்புக் கையிலும் வழுக்காதபடி மேலே சொரசொரப்பாக.

இதன் அருமை எனக்கு ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உறிஞ்சிக் குடிக்கிற மூடியில் வாய் வைத்தவர் உறிஞ்சுவதை நிறுத்தியதும், குறைந்த தண்ணீரின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போகும். அதற்கென்று தனி வழி இல்லாவிட்டால் வாய் வைத்த அதே முனை வழியாகத்தான் போகும். போகும்போது எச்சிலையும் உணவுத் துணுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். காற்றுக்குத் தனி வால்வு வைத்தால் இது பெருமளவு குறையும். வைத்தோம். ஆனால் வால்வு என்றால் இன்னொரு துளை, இன்னொரு இடுக்கு. ஈரம் தங்கும் இடுக்கில் கிருமிகள் வெறுமனே உட்கார்ந்திருப்பதில்லை. தங்களைச் சுற்றி வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் அது போகாது. சோப்பு நீரும் மேலோடு வழிந்து போய்விடும். தேய்த்தால்தான் போகும். தேய்க்க வேண்டுமானால் விரலோ பிரஷ்ஷோ அங்கே போக வேண்டும்.

உணவு இயந்திரங்களின் துப்புரவு வடிவமைப்புக்கு வழிகாட்டும் ஐரோப்பிய அமைப்பு ஒன்று உண்டு, 1989 முதல் இயங்குகிறது, இ.எச்.இ.டி.ஜி. என்பார்கள். உள்மூலைகளின் வளைவு ஆரம் 6 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது, குறைந்தது 3 ஆவது இருக்கட்டும் என்பது அவர்கள் சொல்கிற கணக்கு. ஆலைத் தொட்டிக்குச் சொன்னதை உள்ளங்கையில் அடங்கும் மூடிக்கு அப்படியே கொண்டுவர முடியாது. எந்த மூலையை வளைப்பது, எதை விட்டுவிடுவது என்று வரைபடத்தின் முன்னால் திணறிக்கொண்டிருந்தோம். குச்சி செருகிய மூடியை மேசையில் வைத்த பிறகு திணறலே இல்லை. குச்சி நின்ற இடங்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டோம். வாஷர் பள்ளம் அகலமாகவும் ஆழம் குறைவாகவும் ஆனது. முனையின் அடிவாரம் வளைந்தது. ஊசிக் கீல் போய், கழற்றி மாட்டும் கொக்கி வந்தது. காற்று வால்வு மூடியிலிருந்து தனியே வெளியே வருகிறது. மரையின் அந்த இடுக்கை அடைத்தேவிட்டோம்.

வாஷரின் நிறமும் அக்கா சொன்னதுதான். வெள்ளை மூடியில் வெள்ளை வாஷர் இருந்தால், கழுவிவிட்டுத் திரும்பப் போட மறந்தது கண்ணில் படாது. பிறகு படுக்கையில் தண்ணீர் கொட்டும், திட்டு மட்டும் கழுவினவருக்கு விழும். இப்போது வாஷர் அடர் நீலம். இல்லையென்றால் தூரத்திலிருந்தே தெரியும்.

அக்கா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். “இதுக்கெல்லாம் போய் நன்றியா” என்று சிரித்தீர்கள். இதற்கு இல்லாமல் வேறு எதற்குச் சொல்வது?

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், மன்னிக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் தனி மடல் எழுத வேண்டிய கடன் எனக்கு இருக்கிறது. வாய் படுகிற விளிம்பில் பிசிறு ஒரு மயிரிழைகூட இருக்கக் கூடாது என்று அச்சின் இணைப்புக் கோட்டையே இடம் மாற்றி, வைரப் பசை போட்டுக் கையாலேயே மெருகேற்றிக் கொடுத்த அச்சு வேலைக்கார அண்ணனுக்கு. இரவெல்லாம் முப்பரிமாண அச்சில் மாதிரி எடுத்துக் கொடுத்த நண்பர்களுக்கு. அடுக்கடுக்காக வார்க்கும் அந்த மாதிரிகளின் வரிவரியான மேற்பரப்பில் கிருமி எளிதாகத் தங்கும், யாரும் இதில் வாய் வைக்கக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் எழுதியே அனுப்பினார்கள். பாட்டிலைத் தலைகீழாகப் பைக்குள் போட்டுக்கொண்டு ஒழுகுகிறதா என்று சுமந்து அலைந்தவர்களுக்கு. வால் பிய்ந்துவிட்டால் குழந்தை விழுங்கிவிடுமே என்று கேட்ட அந்தத் தாய்க்குத் தனியாக ஒரு வணக்கம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை இருக்கிறது. அதற்குள் முழுதாக அடங்கும் துண்டு எதுவும் கழன்று வரக் கூடாது. அந்த அளவை மனதில் வைத்துத்தான் வாலை இழுத்து இழுத்துப் பார்த்தோம், அடிப்பாகத்தைத் தடிமனாக்கினோம். ஆய்வகத்தில், முடிவை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல் எந்த இடத்தில் எண்ணிக்கை ஏறுகிறது என்று பொறுமையாக விளக்கியவருக்கு. கைமாற்றுக் கொடுத்துவிட்டு இன்றுவரை அதைப் பற்றி வாய் திறக்காதவர்களுக்கு. ஒன்றும் செய்ய முடியாவிட்டாலும் சாப்பிட்டாயா என்று கேட்டுச் செய்தி அனுப்பியவர்களுக்கு.

இந்த வேலையில் இறங்கிய நாள் முதல் ஒரு பழைய செய்தி மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. 1909இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் சாமுவேல் கிரம்பைன் என்ற மருத்துவர், மாநிலச் சுகாதார வாரியத்தின் செயலாளராக இருந்தபோது, ரயில்களிலும் பொது இடங்களிலும் எல்லோரும் ஒரே குவளையில் குடிப்பதைத் தடைசெய்ய வைத்தார். காசநோயாளி குடித்த குவளையில் அடுத்து ஒரு குழந்தை குடிக்கிற காலம் அது. பெரிய காரியம். அதையொட்டியே காகிதக் குவளையும் பரவியது. குடித்துவிட்டு எறிந்துவிடலாம், கழுவுகிற வேலையே இல்லை. எறியாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிற பாட்டிலுக்கு வந்தவுடன் கழுவுகிற கை மறுபடி தேவைப்படுகிறது. உதட்டில் படுவதற்கு முன்னால் அந்த மூடி ஒருவருடைய கையில் படுகிறது. அவர் தாய், செவிலி, விடுதிப் பணியாளர், யாராகவும் இருக்கலாம். மூடியைத் தேர்ந்தெடுக்கிற இடத்தில் பெரும்பாலும் அவர் இருப்பதில்லை.

எங்கள் பட்டறையில் இனி அவர் இருப்பார். எந்த மூடியும் அச்சுக்குப் போவதற்கு முன்னால் கழுவுகிறவர்களின் தொட்டிக்குப் போகும். அவர்கள் குச்சி செருகி அனுப்பினால் வரைபடம் மாறும். அந்த நேரத்துக்கு அவர்களுக்கு முறையான ஊதியம் உண்டு. அக்காவிடம் இதைச் சொன்னபோது முதலில் மறுத்தார், பிறகு தன்னோடு வேலை செய்கிற இன்னும் இருவரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். சேர்த்தாயிற்று. வால் வைத்த வாஷரின் வரைபடத்தையும் எங்களோடு வைத்துக்கொள்ளப் போவதில்லை. அக்காவின் சம்மதத்தோடு, வேண்டியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எந்தப் பாட்டிலில் வந்தாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான்.

பழைய சோதனை மூடிகள் இன்னும் கையில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள், அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டாம். பதிலுக்குப் புதியது வரும், மாற்று வாஷர் ஒன்றும் சேர்ந்தே வரும். கழுவியதும் வாஷரைக் கழற்றி, மூடியைத் திறந்தபடியே காயவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். உங்கள் வீட்டில் அதைக் கழுவுவது வேறு ஒருவர் என்றால், இந்த மடலை அவரிடமும் காட்டுங்கள். குறை ஏதாவது இருந்தால் அவரே நேரடியாக எங்களிடம் சொல்லட்டும்.

நன்றியோடு,
உங்கள் தம்பி