செயலாளரின் ஆண்டறிக்கை: 2025

தலைவர் அவர்களுக்கும், பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கமிருந்தும் பொள்ளாச்சியிலிருந்து பஸ் பிடித்தும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இது 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான அறிக்கை. பிக் வகை டேட்டாபேஸ்களில் வேலை பார்க்கும் நம் கணக்கில் சொன்னால் 20821ஆம் நாள் முதல் 21185ஆம் நாள் வரை. புது உறுப்பினர்களுக்காக ஒரு வரி: 1967 டிசம்பர் 31ஐப் பூஜ்யமாக வைத்து நாளை எண்ணுவது, இந்த வகைக்குப் பெயர் தந்த டிக் பிக் காலத்து வழக்கம். இவ்வகை டேட்டாபேஸ்களான யூனிவர்ஸ், டி3, ஜேபேஸ் எல்லாம் இன்றும் அப்படித்தான் எண்ணுகின்றன.

மாதக் கூட்டங்கள் ஒன்று தவிர எல்லாம் நடந்தன. அந்த ஒன்று சித்தூரின் கொங்கன்படைத் திருவிழா சமயத்தில் வந்தது. கொங்கு ராஜாவின் படையைத் தோற்கடித்ததைச் சித்தூரே கொண்டாடும்போது, கொங்குத் தமிழ் பேசுகிற நாம் கூட்டம் கூடினால் நன்றாகவா இருக்கும் என்று தலைவர் கேட்டார். சரி என்று எல்லோரும் வேடிக்கை பார்க்கப் போய்விட்டோம். வரவுசெலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இந்த ஆண்டு நம்மிடம் வந்தவற்றில் நேரத்தை அதிகம் தின்றது ஒரு தேங்காய் வியாபாரியின் வாடிக்கையாளர் பட்டியல். பழைய கம்ப்யூட்டரில், யூனிகோடு பரவுவதற்கு முந்தைய தமிழ்க் குறியீட்டு முறையான டிஸ்கியின் எழுத்துருவில் தட்டி வைத்திருந்த பட்டியல் அது. பெயர், ஊர், போன், பாக்கி என்று கமா போட்டுப் பிரித்தது. அவர் மகன் அதை யூனிவர்ஸ் பைலில் ஏற்றினார். கமாவை அட்ரிபியூட் மார்க்காக, அதாவது ஒரு கட்டத்தை அடுத்த கட்டத்திலிருந்து பிரிக்கும் குறியாக, மாற்றி எழுதும் நாலு வரி பேசிக் ப்ரோக்ராம்தான். மறுநாள் பாக்கிச் சீட்டு அச்சாகி ஊருக்குப் போனது. அதற்கடுத்த நாள் ஒரு பெரியவர் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். "ஒம்பது கோடி பாக்கின்னு போட்டிருக்குதுங்களே தம்பி, ஒம்பது கோடிக்கு நான் எத்தன லோடு தேங்காய் எடுத்திருக்கோணும்?"

சீட்டில் இருந்தது 9 கோடியே 44 லட்சத்துச் சொச்சம். பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. ஊர் இருக்க வேண்டிய இடத்தில் "ராமசாமி". அவர் தன் பெயரை "இராமசாமி" என்று எழுதுகிறவர்.

கூட்டத்தில் அந்த ரெக்கார்டை எடிட்டரில் திறந்து பார்த்தோம். முதல் வரி வெறுமை. இரண்டாம் வரியில் ராமசாமி, மூன்றாவதில் ஊர், நான்காவதில் 9447 என்று தொடங்கும் போன் நம்பர். நான்காவது அட்ரிபியூட் பாக்கி. எந்தக் கட்டத்தை எப்படிக் காட்டுவது என்று சொல்லும் டிக்ஷனரியில் அதற்கு எம்டி2 கன்வர்ஷன் இருந்ததால், பத்து இலக்கமும் பைசாவாக எண்ணப்பட்டு, கடைசி இரண்டு இலக்கத்துக்கு முன்னால் புள்ளி வைத்து ரூபாயாக வந்துவிட்டது. மூலப் பட்டியலில் கமா சரியாகத்தான் இருந்தது. அப்புறம் எங்கிருந்து வந்தது இந்தக் கூடுதல் அட்ரிபியூட்?

டிஸ்கியில் 128க்கு மேலுள்ள இடங்களில்தான் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. 1.7 பதிப்பில் "இ" இருக்கும் இடம் 254. நமக்கு 254 என்றால் அட்ரிபியூட் மார்க். "ன்" இருப்பது 253, அதாவது ஒரே கட்டத்துக்குள் பல மதிப்புகளைப் பிரிக்கும் வேல்யூ மார்க். "ற்" 252, அந்த மதிப்பையும் உட்பிரிக்கும் சப்வேல்யூ மார்க். "ள்" 251, டெக்ஸ்ட் மார்க். டேட்டாபேஸ் எல்லை பிரிக்க வைத்திருக்கும் நான்கு குறிகளின் மேலேயே நம் நான்கு எழுத்துகள் போய் உட்கார்ந்திருந்தன. பெயரின் முன்னால் இகரம் விடாமல் எழுதும் தமிழ்ப்பற்றுள்ளவர்கள் ஒரு கட்டம் தள்ளிப் போனார்கள். வெறும் ராமசாமிகள் தப்பித்துக்கொண்டார்கள்.

இகரமாவது உடனே கண்ணில் பட்டது. "ன்" ஓசைப்படாமல் வேலை பார்த்திருந்தது. நம் ஊர் ஆண்பிள்ளைகளில் "ன்" இல்லாமல் முடியும் பெயர் எத்தனை? முருகன் "முருக" ஆகி, இரண்டாவதாக ஒரு வெற்று மதிப்பும் சேர்ந்துகொண்டது. அன்பழகனை லிஸ்ட் போட்டால் முதல் வரியில் "அ", அடுத்த வரியில் "பழக", மூன்றாவது வெறுமை. "அ" என்று ஒருவரும் நம்மிடம் சரக்கு எடுத்ததில்லையே என்று அந்தத் தம்பி லெட்ஜரைப் புரட்டியிருக்கிறார். பெண்களுக்கு 251. சீட்டு அச்சிடும் ப்ரோக்ராம் ரிமூவ் என்ற கட்டளை போட்டு ஒவ்வொரு துண்டாக எடுத்தது. ரிமூவ் டெக்ஸ்ட் மார்க்கையும் எல்லையாகவே எடுத்துக்கொள்ளும். வள்ளியம்மாள் துண்டு துண்டாகிப் போனார்.

இப்படிப்பட்ட சந்தேகம் வந்தால் யூனிவர்ஸ் எடிட்டரில் ^ தட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் ^253 என்பதுபோல் எண்ணாகத் தெரியும். ஆனால் 254ஐ அங்கே பார்க்க முடியாது. எடிட்டர் அந்த இடத்தில் வரியையே உடைத்துவிடும். அதனால் வரிகளையும் எண்ணிப் பாருங்கள். நாலு வரி இருக்க வேண்டிய ரெக்கார்டில் ஐந்து இருந்தால் அதுதான் துப்பு. சரிசெய்ய டேட்டாபேஸுக்குள் மல்லுக்கட்டிப் பயனில்லை என்று அரை நாள் போராடிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. உள்ளே போய்விட்டால் எந்த 254 எழுத்து, எந்த 254 எல்லை என்று பிரித்துச் சொல்ல வழி கிடையாது. மூலப் பட்டியலை வெளியிலேயே யூனிகோடுக்கு மாற்றி, பிறகு புதிதாக ஏற்றினோம். யுடிஎஃப்-8இல் தமிழ் எழுத்தின் முதல் பைட் 224, அடுத்தது 174 அல்லது 175, மூன்றாவது 128க்கும் 191க்கும் இடையில். ஒன்றுகூட 251ஐத் தொடாது.

ஒரு தொல்லை மட்டும் மிச்சம். பல மொழி எழுத்துகளைப் புரிந்துகொள்ள உதவும் என்எல்எஸ் வசதியைப் போடாத அக்கவுண்டில், நீளம் சொல்லும் லென் பைட்டைத்தான் எண்ணும். "தமிழ்" என்ற சொல்லுக்கு 15 வரும். டிக்ஷனரியில் 20எல் என்று அகலம் கொடுத்தால் எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிடும். அகலத்தைத் தாராளமாக வையுங்கள்.

அடுத்தது ஜிஎஸ்டி. கடந்த செப்டம்பர் 22 அன்று, அதாவது 21085ஆம் நாள், விகிதங்கள் மாறின. சொட்டுநீர்ப் பாசனச் சாமான்களுக்கு 12இலிருந்து 5 சதவீதம் ஆனது. அவற்றை விற்கும் நம் உறுப்பினர் ஒருவர் விகிதத்தை ஐட்டம் பைலில் மாற்றினார். அன்றைய பில் சரியாக வந்தது. நவம்பரில் ஆடிட்டர் ஜூன் மாத பில்லின் நகல் கேட்டபோது அதுவும் 5 சதவீதத்தில் வந்து நின்றது. பில் பைலில் விகிதமே இல்லை. கணக்குப் போட்டுக் காட்டும் ஐ-டைப் டிக்ஷனரி, வேறு பைலிலிருந்து எடுத்துத் தரும் டிரான்ஸ் வழியாக ஐட்டம் பைலைப் பார்த்து அவ்வப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. எழுதும்போது அழகான ஐடியாவாகத்தான் தெரிந்திருக்கும். பில் போட்ட அன்றைக்கு எது விகிதமோ அது பில்லிலேயே, சரக்கு, அளவு, விலையோடு வரிசைக்கு வரிசை இணையும் அதே அசோசியேஷனில் இன்னொரு மல்ட்டிவேல்யூவாக இருக்க வேண்டும். வாங்குபவரின் மாநிலக் குறியீட்டையும் அங்கேயே வையுங்கள். பாலக்காட்டுக்காரருக்கு 32, பொள்ளாச்சிக்காரருக்கு 33. பக்கத்து ஊர்தான், ஆனால் பொள்ளாச்சிக்குப் போகும் பில்லில் ஐஜிஎஸ்டி.

ஒரு பால் சங்கத்தில் காலை கொள்முதல் நேரத்தில் டெர்மினல் நிற்கிறது என்று அழைத்தார்கள். மிஷினில் பழுது எதுவும் இல்லை. லாக்குகளைப் பட்டியலிடும் லிஸ்ட்.ரீட்யூ கட்டளை கொடுத்தவுடன், எந்த யூசர் லாக்கைப் பிடித்திருக்கிறார் என்று தெரிந்தது. அவர் ரெக்கார்டைத் திறந்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். குறை அவருடையது அல்ல. ரெக்கார்டைப் பூட்டிப் படிக்கும் ரீட்யூ போட்டுவிட்டு இன்புட்டுக்குக் காத்திருக்கும்படி ப்ரோக்ராம் எழுதியவருடையது. இன்புட்டை முதலில் வாங்குங்கள், பிறகு லாக் போட்டுப் படித்து, இடையில் வேறு யாரும் மாற்றவில்லை என்று பார்த்து உடனே எழுதுங்கள். வேறு யாராவது பூட்டி வைத்திருந்தால் என்ன செய்வது என்று சொல்லும் லாக்ட் பிரிவையும் விடாமல் எழுதுங்கள். எழுதாமல் வெளியேறினால் ரிலீஸ் கொடுக்க மறக்காதீர்கள்.

பேக்கப் பற்றி ஒன்று. டேட்டாவுக்கு ஏற்பத் தானே வளரும் டைனமிக் பைலின் டைரக்டரிக்குள் போய் நட்சத்திரக் குறி போட்டுக் காப்பி எடுத்தவருக்கு டேட்டா.30, ஓவர்.30 இரண்டும் வந்தன. புள்ளியில் தொடங்கும் .டைப்30 வரவில்லை. அது இல்லாவிட்டால் யூனிவர்ஸ் அதை டைனமிக் பைலாக எடுத்துக்கொள்ளாது. டைரக்டரியை முழுதாகக் காப்பி எடுங்கள், எல்லோரையும் வெளியேறச் சொன்ன பிறகு.

நிர்வாகிகள் தேர்வு இந்த அறிக்கைக்குப் பின் நடக்கும். செயலாளர் பொறுப்பை யாராவது எடுத்துக்கொண்டால் சந்தோஷம். வீட்டில் டிஸ்கி பைல் வைத்திருப்பவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பென் டிரைவில் கொண்டுவாருங்கள். அதற்குள் எதிலும் ஏற்றிவிட வேண்டாம், முக்கியமாக இளங்கோவன்கள் இருந்தால். மாற்றும் ப்ரோக்ராம் என்னிடம் இருக்கிறது, வடை தலைவர் செலவு.

செயலாளர்